லயத்துச் செடிகளை அழிக்கிறதுக்குள்ள எடுக்கணும்: குச்சியா, பதியமா?

சிப்புட்காரன் | சுங்கை சிப்புட், பேராக்

வணக்கம் எல்லாருக்கும். நான் சுங்கை சிப்புட்ல டவுனை ஒட்டின ஒரு தாமான்ல (குடியிருப்புப் பகுதியில) இருக்கேன். பிறந்து வளர்ந்தது தோட்டத்துல. அங்க ரப்பர் போய் செம்பனை வந்துச்சு, இப்ப செம்பனையும் போகுது. வீடமைப்புத் திட்டமாம். லயத்தை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை) இடிச்சு ரொம்ப வருஷம் ஆச்சு. ஆனா சிமெண்டுத் தரையும் வாசல் செடிங்களும் அப்படியே நிக்குது. யார் வீடு எதுன்னு செடியை வச்சுத்தான் சொல்ல முடியும். கடைசி வீட்டுல சிவப்பு அடுக்குச் செம்பருத்தி. கோயில் இருந்த இடத்துல நந்தியாவட்டை, வெட்சி, மஞ்சள் அரளி இல்லாம ரோஸ் கலர் அரளி. ஆயாக் கொட்டகை (குழந்தைங்களைப் பார்த்துக்கிற இடம்) வேலி முழுக்க குரோட்டன்ஸ். எங்க வாசல்ல பாட்டி வச்ச அடுக்கு மல்லி, இப்ப புதரா படர்ந்து கிடக்கு.

தீபாவளி முடிஞ்சதும் புல்டோசர் இறங்கும்னு ஆபீஸ் கிராணி (குமாஸ்தா) சொல்றார். செடி எடுத்துக்க வாய்மொழியா அனுமதியும் கொடுத்துட்டார். இதுதான் என் கேள்வி. இந்த மாதிரி பழைய செடியில குச்சி ஒடிச்சு நட்டா, துளிர் விடுது, இலையும் விரியுது, அப்புறம் திடீர்னு தொங்கி அடி கறுத்துப் போயிடுது. ஏன்? எதை எதைக் குச்சியில எடுக்கலாம், எதுக்குப் பதியம்? என்கிட்ட இருக்கிற இடம் கார் நிறுத்துற ஓரம் மட்டும்தான்.

செடிப்பைத்தியம் | கிள்ளான்

அண்ணே, யோசிக்கவே வேணாம். ஆடி பொறந்தாச்சு. ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சும்மாவா சொன்னாங்க? கைக்கு எட்டினதை எல்லாம் ஒடிச்சிட்டு வந்து நடுங்க. நடுறதுக்கு முன்ன ஒரு ராத்திரி இளநீர்ல ஊற வச்சிடுங்க. எங்க மாமியார் வீட்டுல எல்லாச் செடியும் அப்படி வந்ததுதான்.

பால்மரத்தான் | கோலகங்சார்

தம்பி செடிப்பைத்தியம், ஆடிப்பட்டம் தமிழ்நாட்டுக்காரனுக்கு. நம்ம மேற்குக் கரையில மழை கூடுறது ஏப்ரல், மே ஒரு தடவை, அக்டோபர், நவம்பர் ஒரு தடவை. ஆடியில இங்க மழை குறைச்சல்தான். குச்சிக்கு வேண்டியது நிழலும் ஈரமும். அது ரெண்டும் இருந்தா வருஷம் பூரா நடலாம், பஞ்சாங்கம் வேணாம்.

சிப்புட்காரன், விஷயம் செடியோட வயசுல இருக்கு. நான் தோட்டத்துல ஒட்டுக் கட்டுற வேலை பார்த்தவன். நல்லா பால் கொடுக்கிற ரப்பர் மரத்துல கிளை வெட்டி நட்டா வேர் இறங்குறது கஷ்டம். இறங்கினாலும் ஆணிவேர் இருக்காது, காத்துக்குச் சாயும். அதனாலதான் விதை நாத்து வளர்த்து, அதுல நல்ல மரத்து மொட்டை எடுத்து வச்சுக் கட்டினோம். பூச்செடி அந்த அளவுக்கு அடம் பிடிக்காது. ஆனா முத்தின செடியோட முத்தின கிளையில வேர் வர்றது எப்பவுமே சுணக்கம்தான்.

அதனால இந்த வாரமே கிளம்புங்க. குச்சி எடுக்க இல்ல, கழிச்சு விட. ஒவ்வொரு செடியிலயும் பாதிக் கிளைகளை முழங்கால் உயரத்துக்கு இறக்கி வெட்டுங்க. மீதிப் பாதியைத் தொடாதீங்க, செடி மூச்சு விடட்டும். அடித்தண்டுல இருந்து கொழுத்த துளிர் நேரா கிளம்பும். பச்சை மாறி லேசா பழுப்பு ஏறும்போது எடுக்கணும். அதுதான் குச்சி. தீபாவளிக்குள்ள தாராளமா நாள் இருக்கு. ஒரு மாசம் சும்மா போச்சுன்னா அப்புறம் நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல.

வேர்த்தூவி | செர்டாங்

ஐயா சொன்னது சரி. துளிர் விட்டுட்டு ஏன் செத்துப்போகுதுங்கிற கேள்விக்கு நான் சொல்றேன்.

தண்டுக்குள்ள சேர்த்து வச்ச மாவுச்சத்தும் தண்ணியும் இருக்கு. அதை வச்சே மொட்டு வெடிச்சு இலை விரிஞ்சிடும். அதுக்கு வேர் தேவையில்ல. நாம அதைப் பார்த்து 'பிடிச்சிக்கிச்சு'ன்னு நினைச்சிடுறோம். ஆனா விரிஞ்ச இலை தண்ணியை ஆவியா விட்டுக்கிட்டே இருக்கும். உறிஞ்சிக் கொடுக்கக் கீழ ஆள் இல்ல. கையிருப்பு தீர்ந்த அன்னைக்கு இலை தொங்கும். அதுக்குள்ள மண்ணு சேறா இருந்தா அடியில பூஞ்சை ஏறி கறுத்திருக்கும். பிடிச்சிருக்கான்னு பார்க்கணும்னா துளிரைப் பார்க்காதீங்க, குச்சியை ரெண்டு விரலால மெதுவா மேல இழுத்துப் பாருங்க. கையை எதிர்த்துப் பிடிச்சா வேர் இருக்கு.

வேரைத் தூண்டுற ஆக்சின் தண்டு நுனியிலயும் இளம் இலையிலயும் உண்டாகி மேலிருந்து கீழ்நோக்கித்தான் நகரும், வெட்டின இடத்துல வந்து சேரும். அதனால ரெண்டு விஷயம். குச்சியைத் தலைகீழா நட்டுடாதீங்க (கீழ் நுனியைச் சரிவாவும் மேல் நுனியை நேராவும் வெட்டினா குழப்பமே வராது). எல்லா இலையையும் உருவிடாதீங்க. மேல ரெண்டு இலையை விட்டு, அதுலயும் பாதியைக் கத்தரிச்சிடுங்க. இலை முழுசா இருந்தா தண்ணி போகும், இலையே இல்லாட்டி சாப்பாடும் ஆக்சினும் வராது.

இளநீர் பத்தி: அதுல சைட்டோகைனின் நிறைய இருக்கு. திசு வளர்ப்புல, ஆர்க்கிட்டுக்கு எல்லாம் பயன்படுத்துறாங்க, உண்மைதான். ஆனா அது துளிரைக் கிளப்புற சத்து. அதிகமானா வேர் வர்றதைத் தடுக்கும். போதாததுக்குச் சர்க்கரை வேற, எறும்பும் பூஞ்சையும் வரும்.

செடிப்பைத்தியம் | கிள்ளான்

அப்ப எங்க மாமியார் செடி?

வேர்த்தூவி | செர்டாங்

உங்க மாமியார் இளநீர் ஊத்தாம நட்டிருந்தாலும் வந்திருக்கும்னு நினைக்கிறேன் அண்ணா 😄 அவங்ககிட்ட சொல்லிடாதீங்க.

ஈப்போ வெள்ளைக்காப்பி | ஈப்போ

எதுக்கு இவ்வளவு பாடுன்னு எனக்குப் புரியல. பாசார் மாலாம்ல (இரவுச் சந்தையில) பூத்த செம்பருத்தியே தொட்டியோட சல்லிசா கிடைக்குது. கலரும் வகை வகையா இருக்கு. செம்பருத்தி நாட்டுப் பூ, எங்க போனாலும் இருக்கு. 1960-லயே தேசிய மலர்னு அறிவிச்சாச்சு, அதுக்கு அழிவு வரப் போகுதா?

நாற்றுப்பண்ணை அக்கா | தாப்பா

வெள்ளைக்காப்பி, செம்பருத்தி அழியாது. அந்த அடுக்குச் செம்பருத்தி அழியும். ரெண்டும் வேற.

நான் விக்கிறவ, அதனால தைரியமா சொல்றேன். நீங்க பாசார் மாலாம்ல வாங்குற பெரிய பூ ரகம் பாதிக்கு மேல கலப்பினம். தொட்டியில கண்ணுக்கு அழகா இருக்கும். தரையில வச்சு உரம் நிறுத்தினா சில ரகம் ஒரு வருஷம் தாக்குப் பிடிக்காது. அதுல பலது வேர் பலம் இல்லாததால ஒட்டு வச்சுத்தான் வருது. லயத்துச் செம்பருத்தியை யாரும் கவனிக்காம விட்டு எத்தனை வருஷம் ஆச்சு? சிமெண்டுத் தரைக்கும் லோங்காங்குக்கும் (சாக்கடைக்கும்) நடுவுல நின்னு பூக்குது. அந்தக் குணம் கடையில கிடைக்காது. விதையிலயும் கிடைக்காது, அடுக்குப் பூ பெரும்பாலும் விதை பிடிக்காது. கைமாறிக் கைமாறி வந்த குச்சிதான் அது.

சிப்புட்காரன் தம்பிக்குச் செடி செடியாச் சொல்றேன்.

செம்பருத்தி சுலபம். பென்சில் கனம், ஒரு சாண் நீளம், கணுவுக்குச் சற்றுக் கீழ வெட்டணும். நாலஞ்சு வாரத்துல வேர். மாவுப்பூச்சி இருக்கான்னு கணு இடுக்குல பாருங்க, இருந்தா சோப்புத் தண்ணியில கழுவிட்டு நடுங்க. இலையில மஞ்சள் வளையம், திட்டுத் திட்டா இருந்தா அந்தச் செடியை விட்டுடுங்க. அது வைரஸ். குச்சியோட கூடவே வரும், மருந்து கிடையாது. பக்கத்துச் செடிக்கு கத்தி வழியாவும் போகும். அதனால ஒவ்வொரு செடிக்கும் நடுவுல கத்தியை கிளோராக்ஸ் (பிளீச்) கலந்த தண்ணியில முக்கித் துடைங்க.

நந்தியாவட்டையும் அரளியும் பால் வடியும். வெட்டினதும் தண்ணியில கழுவிட்டு, பால் நின்னதும் நடுங்க. ரெண்டும் நல்லா வரும். ஈழத்தலரி இருந்தா அது கதையே வேற. வெட்டிட்டு நிழல்ல ஒரு வாரம், பத்து நாள் காயப் போடணும். வெட்டுவாய் காயாம நட்டா அழுகிடும். அரளி வேர்ல இருந்து பூ வரைக்கும் விஷம். குச்சி வெட்டின கையோட கண்ணைத் தொடாதீங்க, கழிச்ச கிளையை எரிக்காதீங்க, புகையும் ஆகாது.

வெட்சிக்குப் பொறுமை வேணும். ரெண்டு மாசம்கூட ஆகும். பால்மரத்தான் ஐயா சொன்ன புதுத் துளிர்ல எடுத்தாத்தான் வரும், பழைய கட்டையில எனக்கு நம்பிக்கை இல்ல. வேர்ப்பொடி இதுக்கு மட்டும் கட்டாயம் போடுங்க.

அடுக்கு மல்லியை வெட்டாதீங்க! அது படர்ந்து கிடக்குன்னு நீங்களே சொல்றீங்க. நீளமான கொடியை வளைச்சு, பாலிபேக்ல மண்ணைப் போட்டு செடி பக்கத்துலயே வச்சு, கணுவுல லேசா கீறி அந்தப் பைக்குள்ள புதைச்சு மேல ஒரு கல்லை வைங்க. தாய்ச்செடியில இருந்து தண்ணி வந்துக்கிட்டே இருக்கும், சாகாது. வேர் இறங்கினதும் தாய்ப்பக்கம் வெட்டிட்டுப் பையோட தூக்கிட்டு வந்துடலாம். ஒரே புதர்ல எத்தனை கொடி வளையுதோ அத்தனை பை வைங்க.

சிப்புட்காரன் | சுங்கை சிப்புட், பேராக்

அக்கா, கோடி நன்றி. பை வைக்கிற யோசனை எனக்குத் தோணவே இல்ல. வேர்ப்பொடி ஈப்போல விவசாயக் கடையில கேட்டேன், மூணு விதமா நம்பர் போட்டு வச்சிருக்கான். எதை வாங்குறது?

வேர்த்தூவி | செர்டாங்

டப்பாவுல ஐபிஏ (வேரைத் தூண்டுற ஆக்சின் வகை) எத்தனை சதவீதம்னு பாருங்க அண்ணா. பொதுவா 0.1 இளந்தண்டுக்கு, 0.3 பாதி முத்தினதுக்கு, 0.8 கட்டைக்கு. உங்களுக்கு 0.3 போதும். கூடப் போட்டா கூட வேர் வரும்னு நினைக்காதீங்க, அளவு மிஞ்சினா அடி கருகும். டப்பாவுக்குள்ள குச்சியை முக்காதீங்க, ஈரம் பட்டா முழு டப்பாவும் போயிடும். ஒரு காகிதத்துல கொஞ்சம் கொட்டி, அதுல தொட்டு, தட்டிட்டு நடுங்க. நடும்போது முதல்ல குச்சியால துளை போட்டுட்டு அதுக்குள்ள வைக்கணும். நேரா குத்தினா பொடி மேலேயே நின்னுடும். மிச்சத்தைக் குளிர்பெட்டியில வைங்க.

பட்டைப் பொடி, தேன், கற்றாழை எல்லாம் அடுத்து யாராவது கேப்பீங்க. பட்டைப் பொடி பூஞ்சையைக் கொஞ்சம் தடுக்கும். வேரை வரவழைக்காது.

செடிப்பைத்தியம் | கிள்ளான்

கற்றாழை நான்தான் கேக்க வந்தேன். சரி விடுங்க. பாட்டில் தண்ணியில வச்சா என்ன? அரளி எங்க வீட்டு ஜன்னல்ல ஜாம் பாட்டில்லயே வேர் விட்டுச்சு. வேர் வர்றதைக் கண்ணால பார்க்கலாமே.

நாற்றுப்பண்ணை அக்கா | தாப்பா

அரளி, குரோட்டன்ஸ் சிலது தண்ணியில வரும். ஆனா தண்ணியில வந்த வேர் கண்ணாடி மாதிரி, மண்ணுக்கு மாத்தும்போது உடையும். விரல் கணு நீளத்துக்குள்ள இருக்கும்போதே மாத்திடணும்.

இன்னொண்ணு, தம்பி வைக்கப் போறது ஒரு பாட்டில் இல்ல. கார் ஓரத்துல வரிசையா பாட்டில் அடுக்கினா ஏடிஸ் கொசுவுக்கு லயம் கட்டிக் கொடுத்த மாதிரிதான். சுகாதாரத் துறைக்காரங்க வந்து லார்வா பார்த்தா 1975-ஆம் ஆண்டு நோய்ப்பூச்சி ஒழிப்புச் சட்டத்துல கம்பவுண்டு (அபராதம்) எழுதிட்டுப் போயிடுவாங்க. மணல்ல வைங்க.

சிப்புட்காரன் | சுங்கை சிப்புட், பேராக்

மணல்னா எந்த மணல்? இங்க ஹார்ட்வேர்ல கிடைக்கிறது சிமெண்டு பூசுற மணல். தோட்டத்து மண்ணு செம்மண், களி.

பால்மரத்தான் | கோலகங்சார்

கிந்தா பக்கத்து ஆளு மணலுக்குக் கேள்வி கேக்குறீங்களே. ஈயக்குட்டை (பழைய வெள்ளீயச் சுரங்கம்) மணலைப் பாருங்க. ஈயம் அரிச்சுக் கழுவிக் கழிச்ச மணல், களி இருக்காது, பரும்பரும்னு இருக்கும். லாரிக்காரர்கிட்ட ஒரு சாக்கு கேட்டா சும்மாவே கொடுப்பார். நல்லா அலசிட்டு, கருக்கின உமி பாதிக்குப் பாதி கலந்துக்குங்க. அந்தக் கலவையில தண்ணி ஊத்தினா நிக்காது, ஈரம் மட்டும் தங்கும். செம்மண்ணைக் குச்சிக்குக் காட்டவே காட்டாதீங்க. உரமும் வேணாம். வேர் இல்லாததுக்கு எதுக்குச் சோறு?

குரோட்டன்ஸை நான் கவனிச்சுக்கிறேன், எனக்குப் பழக்கமான வேலை. அந்த வயசுக் குரோட்டன்ஸ்ல குச்சி சின்னதாத்தான் வரும், இலை கொட்டி அசிங்கமா நிக்கும். அதுக்கு 'தூட்' (கிளையிலயே கட்டுற பதியம்) போடணும். பென்சிலை விடக் கனமான நேர்க்கிளையைப் பார்த்துக்குங்க. ஒரு கணுவுக்குக் கீழ பட்டையை மோதிரம் போல ஒரு அங்குல அகலத்துக்கு எடுத்துடணும். எடுத்தா மட்டும் போதாது. உள்ள வழுவழுன்னு ஒரு பச்சைச் சவ்வு இருக்கும், அதைக் கத்தி முதுகால சுரண்டணும். சுரண்டாம விட்டா பட்டை திரும்பக் கூடிக்கும், வேர் வராது. கொஞ்ச நேரம் உலர விட்டு, தேங்காய்ச் சவுரியைத் தண்ணியில நனைச்சுப் பிழிஞ்சு சுத்தி, பிளாஸ்டிக்கைப் போர்த்தி ரெண்டு பக்கமும் ரஃபியா கயிறால இறுக்கிக் கட்டணும். மேல் முடிச்சு இறுக்கமா இருக்கணும், மழைத்தண்ணி உள்ள இறங்கக் கூடாது. பிளாஸ்டிக்குக்கு வெளியே வேர் வெள்ளையா தெரிஞ்சு, கொஞ்சம் பழுப்பு ஏறினதும் கீழ அறுத்துடலாம். ஒண்ணரை ரெண்டு மாசம்.

மழை பெஞ்ச மறுநாள் போடுங்க. பட்டை சுலபமா உரியும். ரப்பர் ஒட்டுக் கட்டவும் அதே கணக்குதான்.

ஈப்போ வெள்ளைக்காப்பி | ஈப்போ

ஐயா, நான் முன்ன எழுதினதை வாபஸ் வாங்கல, ஆனா ஒரு சந்தேகம். குச்சியில வந்தா அது 'அதே செடி'ங்கிறீங்க. பாட்டி வச்சது பாட்டி வச்சதுதான். இது புதுசா நட்டது. எப்படி அதே ஆகும்?

பால்மரத்தான் | கோலகங்சார்

எங்க ஊர் நிலத்துறை அலுவலகம் பக்கத்துல ஒரு கிழட்டு ரப்பர் மரம் நிக்குது, பார்த்திருப்பீங்க. 1877-ல இங்க நட்ட ஒன்பது கன்னுல மிஞ்சினது. அது விதையில வந்தது. அதோட விதையைப் போட்டா வர்ற மரம் அதோட பிள்ளை, அதே மரம் இல்ல. பால் கூடவும் வரும், குறையவும் வரும்.

ஆர்ஆர்ஐஎம் 600-னு ஒரு ரப்பர் ரகம், உங்க அப்பா தாத்தா யாராவது கண்டிப்பா அதுல பால் வெட்டியிருப்பாங்க. லட்சக்கணக்கான மரம். அத்தனையும் ஒரே ஒரு மரத்து மொட்டுல இருந்து கட்டினது. வேர் மட்டும் வேற நாத்தோடது, மேல தண்டு, பட்டை, பால் எல்லாம் அந்த ஒரே மரம்தான். குச்சியில அந்த வேர் கூட வேற இல்ல. பாட்டி வச்ச மல்லியும் பாட்டி விதை போட்டு வளர்த்திருக்க மாட்டாங்க. அவங்களும் யார்கிட்டயோ கொடி வாங்கி வச்சிருப்பாங்க. சிப்புட்காரன் வச்சா அடுத்த கை. அவ்வளவுதான்.

வேர்த்தூவி | செர்டாங்

கூடுதலா ஒண்ணு. செம்பருத்தி காட்டுச் செடியா எங்கயும் கண்டதில்ல. மனுஷன் கைவழியாவே பரவினது. டெல்லி கனகாம்பரம்னு ஒரு ரகம் இருக்கு, மும்மடியம், அதாவது விதையே பிடிக்காது. யாராவது குச்சி நடாம விட்டா அந்த ரகமே இல்ல. லயத்துல கனகாம்பரம் இருந்தா காய் வெடிக்குதான்னு பாருங்க அண்ணா. பழுத்த காய்மேல தண்ணி தெளிச்சா பட்டுனு தெறிக்கும். தெறிக்கிற ரகம்னா விதையே போதும்.

நிர்வாகி

செடி விற்பனை, விலைப் பேச்சு இந்த இழையில் வேண்டாம். அதற்குத் தனிப் பகுதி இருக்கிறது. இந்தியாவிலிருந்து பையில் மல்லிக் குச்சி கொண்டுவருவது பற்றி இருவர் எழுதியிருந்தார்கள், நீக்கிவிட்டேன். இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் கொண்டுவரக் கூடாது.

கூலிம் மருமகள் | கூலிம்

நிர்வாகி, நீக்கினதுல ஒண்ணு என்னோடது. சரி, புரியுது.

சிப்புட்காரன் அண்ணே, கருவேப்பிலை இருந்தா எடுக்கலியா? எல்லா லயத்துலயும் இருக்குமே.

நாற்றுப்பண்ணை அக்கா | தாப்பா

கருவேப்பிலைக்குக் குச்சி வேண்டாம், நேரம் வீண். மரத்தைச் சுத்தி வேர்ல இருந்து கிளம்பின பக்கக் கன்னு இருக்கும். வேரோட வெட்டி எடுங்க. பழம் இருந்தா கறுப்புப் பழத்தைப் பிசைஞ்சு அன்னைக்கே விதை போடுங்க, காய வச்சா முளைக்காது. ஆனா இலை நுனியில வெள்ளை மெழுகு நூல் மாதிரி விட்டுக்கிட்டு சின்னப் பூச்சி உக்காந்திருந்தா, அந்தக் கன்னை எலுமிச்சை, லீமாவ் வச்சிருக்கிற வீட்டுக்குக் கொடுக்காதீங்க. எலுமிச்சை வகையில மஞ்சள் நோயைப் பரப்புறது அந்தப் பூச்சிதான்.

சிப்புட்காரன் | சுங்கை சிப்புட், பேராக்

எல்லாருக்கும் நிலவரம் சொல்றேன். ஐயா சொன்ன மாதிரி கழிச்சு விட்டது நல்லா வேலை செஞ்சிருக்கு. செம்பருத்தி, நந்தியாவட்டை, வெட்சி மூணுலயும் அடியில இருந்து துளிர் கிளம்பி, இப்ப பழுப்பு ஏறுது. முதல் தொகுதி குச்சி எடுத்தாச்சு. மைலோ டின் அடியில ஆணியால துளை போட்டு, ஈயக்குட்டை மணலும் கருக்கின உமியும் போட்டு, மேல ஐஸ் பிளாஸ்டிக்கை மூடி, கார் ஓரத்துல கறுப்பு வலைக்கு அடியில வச்சிருக்கேன். பால்மரத்தான் ஐயா நேர்லயே வந்துட்டார்! தன்னோட பழைய ஒட்டுக் கத்தியைக் கொண்டாந்து ஆயாக் கொட்டகை வேலியில வரிசையா தூட் போட்டுக் கொடுத்தார். கத்தியைத் தொடக்கூட விடல.

மல்லிக்குப் பை வச்சாச்சு. அதுல ஒரு பையை காட்டுப்பன்றி கிளறிடுச்சு, மத்தது பத்திரம்.

ஒரு கேள்வி. பிளாஸ்டிக் மூடின டின்ல உள்பக்கம் தண்ணி முத்து முத்தா நிக்குது. திறந்து விடணுமா? தினம் தண்ணி ஊத்தணுமா?

நாற்றுப்பண்ணை அக்கா | தாப்பா

முத்து நின்னா ஈரம் போதும், ஊத்தாதீங்க. முத்து இல்லாட்டி மட்டும் தெளிங்க. உதிர்ந்த இலையை உடனே எடுத்துடுங்க, அதுலதான் பூஞ்சை ஆரம்பிக்கும். வேர் பிடிச்சது தெரிஞ்சதும் பிளாஸ்டிக்கை ஒரேயடியா எடுக்காதீங்க. முதல்ல ஓரத்துல ஓட்டை, ரெண்டு மூணு நாள் கழிச்சுப் பெரிய ஓட்டை, அப்புறம் எடுக்கலாம். புழுக்கத்துல இருந்த இலை வெளிக்காத்துக்குப் பழகணும்.

செடிப்பைத்தியம் | கிள்ளான்

இவ்வளவு வேலை செய்றதுக்கு பேக்ஹோ வாடகைக்குப் பிடிச்சு தாய்ச்செடியையே தோண்டிடலாமே? கேக்கத் தோணுச்சு.

பால்மரத்தான் | கோலகங்சார்

தோண்டலாம். பாதிக்கு மேல கழிச்சிட்டு, சுத்தி வேரை முன்கூட்டியே வெட்டி விட்டு, சில வாரம் கழிச்சு மண்கட்டியோட எடுக்கணும். செம்பருத்தியும் வெட்சியும் பிழைக்க வாய்ப்பு உண்டு. ஆனா சிமெண்டுத் தரைக்குக் கீழ வேர் ஓடியிருக்கு, மண்கட்டி நிக்காது. குச்சி எல்லாம் கைக்கு வந்த பிறகு கடைசி வாரத்துல முயற்சி பண்ணுங்க. அதை மட்டும் நம்பி இருந்துட வேண்டாம்.

அதை விட முக்கியம், வந்த குச்சி எல்லாம் ஒரே கார் ஓரத்துல இருக்கக் கூடாது. ஒரு நாள் குழாய் உடைஞ்சா, ஒரு மாவுப்பூச்சி வந்தா, வீடு மாறினா மொத்தமும் போச்சு. ஒவ்வொரு செடியும் குறைஞ்சது மூணு வாசல்ல நிக்கணும், மூணும் ஒரே தாமானா இருக்கக் கூடாது. எந்த வீட்டு வாசல்ல எடுத்ததுன்னு எழுதி டின்ல கட்டுங்க. மார்க்கர் மழையில அழியும், பென்சில்ல எழுதுங்க, அழியாது.

கூலிம் மருமகள் | கூலிம்

எனக்கு ஒரு நந்தியாவட்டை வேணும். எங்க வாசல் கெடாவுல இருக்கு, தாமான் கணக்குல வராது 🙂

ஈப்போ வெள்ளைக்காப்பி | ஈப்போ

அடுக்குச் செம்பருத்தி ஒண்ணு எனக்கும் எழுதி வைங்க. சிரிக்காதீங்க.

சிப்புட்காரன் | சுங்கை சிப்புட், பேராக்

தீபாவளி முடிஞ்சு வேலை ஆரம்பிச்சுட்டாங்க. லயத்துப் பக்கம் தரைமட்டம். கைக்கு வந்தது: செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி நிறையவே வேர் பிடிச்சிருக்கு. வெட்சி பாதிக்குப் பாதி. குரோட்டன்ஸ் தூட் கிட்டத்தட்ட எல்லாமே. மல்லிப் பை எல்லாம் தூக்கிட்டு வந்துட்டேன். தாய்ச்செடி தோண்டினதுல வெட்சி மட்டும் துளிர்க்குது, செம்பருத்தி போயிடுச்சு. பவழமல்லி ஒண்ணு இருந்தது, குச்சியில வரல, கீழ கிடந்த விதையை எடுத்து வச்சிருக்கேன்.

கோயிலை டவுன் பக்கம் மாத்திக் கட்டியிருக்காங்க. நிர்வாகத்துல பேசினேன், நந்தியாவட்டையும் செம்பருத்தியும் அங்க வைக்கிறோம். தமிழ்ப்பள்ளிக்கு வெட்சியும் குரோட்டன்ஸும். அரளி பள்ளிக்குக் கிடையாது. கேட்டவங்க ஞாயித்துக்கிழமை காலையில கோயில் வாசலுக்கு வாங்க. டின்னைத் திருப்பிக் கொடுக்கணும், மைலோ டின் எல்லாம் தாமான் முழுக்க இரவல் வாங்கினது.

ஒரு சந்தேகம் பாக்கி. கார் ஓரத்துச் சுவரை ஒட்டி வச்ச ரெண்டு வெட்சியில புது இலை மட்டும் மஞ்சளா வருது, நரம்பு பச்சையா இருக்கு. மத்ததுல இல்ல. வைரஸா?

வேர்த்தூவி | செர்டாங்

வைரஸ் இல்ல அண்ணா. புது இலையில நரம்பு மட்டும் பச்சைன்னா இரும்புச்சத்துக் குறை. வெட்சிக்குப் புளிப்பு மண்ணு வேணும். சிமெண்டுச் சுவர்ல இருந்து சுண்ணாம்பு இறங்கி மண்ணு காரமாயிடுது, இரும்பு இருந்தாலும் வேரால எடுக்க முடியல. சுவரை விட்டுத் தள்ளி வைங்க.

நாற்றுப்பண்ணை அக்கா | தாப்பா

டின்ல இருந்து பெரிய பைக்கு மாத்தும்போது தோட்டத்துச் செம்மண்ணைக் கொஞ்சம் கலந்துக்குங்க, இப்ப வேர் இருக்கிறதால பயமில்ல. அவசரம்னா கடையில கீலேட் இரும்புன்னு கேளுங்க, இலையில தெளிக்கலாம். மஞ்சளான இலை முழுசா மாறாட்டியும் விடுங்க, அடுத்து வர்றது பச்சையா வருதான்னு பாருங்க. ஞாயித்துக்கிழமை நானும் வர்றேன், காலி மைலோ டின் கொஞ்சம் என்கிட்டயும் இருக்கு.

கூலிம் மருமகள் | கூலிம்

காலையிலன்னா எத்தனை மணிக்கு அண்ணே? கூலிம்ல இருந்து வரணும்.

சிப்புட்காரன் | சுங்கை சிப்புட், பேராக்

ஒன்பது மணி. உங்களுக்கு நந்தியாவட்டை ரெண்டு எழுதி வச்சிருக்கேன், ஒண்ணு பக்கத்து வீட்டுக்கு.